ஷேடின் உள்பக்கம் கருகியிருந்தது

முத்தியால்பேட்டை,
வெள்ளிக்கிழமை

அன்புள்ள சுவேதா,

லியோனில் குளிருக்கு ஒழுங்காகப் போர்த்திக்கொண்டு, வேளைக்குச் சாப்பிட்டுக்கொண்டு நீ சுகமாக இருக்க வேண்டும். நாங்களும் இங்கே ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன், அப்படி எழுத முடியவில்லை. இத்தனை வருடம் கூடவே வாழ்ந்த மனிதரிடம் உங்களுக்குக் கண் சரியாகத் தெரிகிறதா என்று கேட்க எனக்கு ஏன் வாய் வரவில்லை? இன்று முழுக்க அதையே யோசித்துக்கொண்டிருக்கிறேன். போனில் பேசலாம் என்றால் அப்பா பக்கத்தில் உட்கார்ந்து ஸ்பீக்கரைப் போடச் சொல்வார், அதனால்தான் கடிதம்.

போன தடவை நீ பெட்டியில் துணிகளுக்கு நடுவே சுற்றிக்கொண்டு வந்தாயே, அந்த மேசை விளக்கில்தான் ஆரம்பித்தது. அந்த பிரான்ஸ் ஹோல்டர் திருகுகிற மாதிரி, நம் வீட்டு பல்பெல்லாம் இரண்டு பக்கமும் பின் வைத்தவை, நடுவில் ஒரு அடாப்டர் போட்டு ஒன்பது வாட் எல்.இ.டி. மாட்டிக் கொடுத்திருந்தேன். நேற்று சாயங்காலம் ஹாலில் துணி தீய்ந்த வாசனை. ஓடிப்போய் அயர்ன் பாக்ஸைப் பார்த்தேன், அது ஆஃபில் இருந்தது. மேசையில் பரீட்சைப் பேப்பர் திருத்திக்கொண்டிருந்த அப்பா, வெளியில எவனோ குப்பை கொளுத்துறான் என்றார். இன்று அவர் பள்ளிக்கூடம் போனதும் விளக்கைப் படுக்க வைத்துப் பிரித்தேன். பல்பை மூடியிருக்கிற துணி ஷேடின் உள்பக்கம் உள்ளங்கை அளவுக்குக் கருகியிருந்தது. அடாப்டரால் பல்ப் இரண்டு விரல் உயர்ந்து துணியை நெருங்கிவிட்டது, அதுதான் காரணம் என்று முதலில் முடிவு கட்டினேன். ஆனால் எல்.இ.டி. அவ்வளவு சுடாதே. கழற்றிப் பார்த்தால் உள்ளே நூறு வாட் குண்டு பல்ப், எனக்குத் தெரியாமல் அப்பா மாற்றியிருக்கிறார். ஷேடைப் பிடிக்கிற பிளாஸ்டிக் வளையத்தின் மரையும் தேய்ந்து வழுக்கியது. தினமும் அதைத் தளர்த்தி, ஷேடைத் தள்ளிச் சாய்த்து, வெளிச்சம் நேராகப் பேப்பரில் விழும்படி வைத்திருக்கிறார். நான் வரும் சத்தம் கேட்டால் நிமிர்த்திவிடுவார் போலிருக்கிறது.

அதற்குப் பிறகு ஒவ்வொன்றாக நினைவுக்கு வருகிறது. இடது பக்கம் வைக்கிற காபி டம்ளரை இந்த மாதம் பல தடவை தட்டிவிட்டார். ஸ்கூட்டரின் இடது கண்ணாடி நின்றிருந்த ஒரு ஆட்டோவில் உரசி உடைந்தது, ஆட்டோக்காரனுக்குத்தான் திட்டு. ஞாயிற்றுக்கிழமை வீடியோ காலில் லைட்டைப் போடு, முகமே தெரியல என்று உன்னையும் திட்டுகிறாரே, நீ இருட்டிலா உட்கார்ந்திருக்கிறாய்? கடலூர் வைத்திலிங்கம் பெரியப்பாவுக்குக் கண் அழுத்தத்தில் பார்வை போனபோது, கூடப் பிறந்தவர்களும் வந்து பார்த்துக்கொள்ளுங்கள் என்று டாக்டர் சொன்னார். அப்பா அன்றைக்கே, எனக்கென்ன, இப்பவும் ஊசியில நூல் கோப்பேன் என்றுவிட்டார். வலி இல்லாமல் ஓரத்திலிருந்து திருடிக்கொண்டு வருகிற நோய் அது. இப்படிப்பட்டவர் தினமும் வில்லியனூர் பள்ளிக்கூடம் வரைக்கும் ஸ்கூட்டரில் போய்வருகிறார், இன்று அவர் திரும்பி வண்டிச் சத்தம் கேட்கிற வரை எனக்கு வேலையே ஓடவில்லை.

இன்று வந்ததும், அவ்வளவு வெளிச்சம் எதற்கு என்று மட்டும் கேட்டேன், அதற்குமேல் போக முடியவில்லை. பசங்க கையெழுத்து கோழி கிளறின மாதிரி இருக்கு, அதுக்குத்தான் என்றார். எம்.எஸ்ஸி. படிச்சவள வீட்ல வெச்சுக்கிட்டு ஒரு பல்ப நிம்மதியா மாத்த முடியல என்று ஒரு குத்து வேறு. சண்டை போட்டுப் பயனில்லை. நாளை அவருக்கு லீவு. என் கண்ணாடியை மாற்ற வேண்டும், துணைக்கு வாங்க என்று சொல்லி, கோரிமேட்டுப் பக்கம் ஒரு கண் ஆஸ்பத்திரியில் இரண்டு பேருக்கும் பதிவு செய்திருக்கிறேன். நான் நினைப்பது தப்பாகக்கூட இருக்கலாம், தப்பாக இருந்தால் எனக்குச் சந்தோஷம்.

இது குடும்பத்தில் தொடரக்கூடியது. உனக்கு வயது குறைவுதான், இருந்தாலும் அங்கே ஒரு டாக்டரிடம் கண் அழுத்தம் பார்த்துக்கொள், தள்ளிப்போடாதே. அப்பாவிடம் எதையும் காட்டிக்கொள்ள வேண்டாம். உனக்கு எந்தக் கெடுதலும் வராமல், நீ நினைத்ததெல்லாம் நல்லபடியாக முடியட்டும்.

உன் அம்மா,
சிவசங்கரி

சனிக்கிழமை மாலை

கவரை ஒட்டாமல் வைத்திருந்தேன், இன்று நடந்ததையும் எழுதிவிடுகிறேன். ஆஸ்பத்திரியில் எனக்கு அடுத்து கலைவாணன் என்று தன் பெயரைக் கூப்பிட்டதும் அப்பா என்னைப் பார்த்த பார்வையை எழுத மாட்டேன். ஆனால் எழுந்து போனார். கிண்ணம் மாதிரி ஒரு மெஷினுக்குள் முகத்தை வைத்து, ஓரங்களில் சின்ன வெளிச்சம் தெரியும்போதெல்லாம் பட்டனை அழுத்த வேண்டும். அப்பா வெளிச்சம் வந்தாலும் வராவிட்டாலும் தாளம் போடுகிற மாதிரி அழுத்திக்கொண்டே இருந்திருக்கிறார். அங்கிருந்த நர்ஸ் பெண் வெளியே வந்து, மேடம், சார் காப்பியடிக்கிறாரு, நீங்க வந்து சொல்லுங்க என்றாள். பரீட்சை ஹாலில் எத்தனை பசங்களின் பிட்டைப் பிடுங்கியவர். நான் போய் அவர் தோளில் கை வைத்துக்கொண்டு நின்றேன். இரண்டாம் தடவை ஒழுங்காகச் செய்தார். இடது கண்ணில் வெளி ஓரப் பார்வை போய்விட்டது, அது திரும்ப வராது. மீதியைக் காப்பாற்றலாம், தினமும் மருந்து விட வேண்டும், நிறுத்தவே கூடாது என்றார் டாக்டர். இப்போதைக்கு ஸ்கூட்டர் வேண்டாம் என்றும் சொல்லிவிட்டார். வெளியே வந்ததும் அப்பா ஸ்கூட்டர் சாவியை என்னிடம் நீட்டினார். வீட்டுக்கு வந்து நான்தான் மருந்து விட்டேன். கண்ணை இறுக்கி மூடிக்கொண்டதால் முதல் சொட்டு கன்னத்தில் வழிந்தது. இரண்டாவது உள்ளே போனது.