ஐந்தாம் பருவத்துக்கு இரண்டு விருப்பப் பாடங்கள்

கோவில்பத்து, காரைக்கால்
6 ஜூலை 2025, ஞாயிறு

அன்புள்ள தாமரைக்கு,

இந்த அர்த்தராத்திரியில் எழுத உட்கார்ந்ததற்கு முதலில் என்னைப் பொறுத்துக்கொள். மணி பன்னிரண்டாகப் போகிறது. பாப்பாவுக்குக் கடைவாய்ப்பல் முளைக்கிறது. பகலெல்லாம் என் தோளைக் கடித்துவிட்டு இப்போதுதான் கண்ணயர்ந்தாள். அத்தான் ஒன்பதரைக்கே தூங்கிவிட்டார். எழுத்து கோணலாக இருந்தால் அது தூக்கத்தின் குற்றம், என் குற்றமில்லை.

போனில் பேசினால் மூன்றாவது நிமிஷம் நம் இருவரில் ஒருவர் வைத்துவிடுகிறோம். கடிதத்திலாவது நான் சொல்லி முடிக்கும்வரை நீ குறுக்கே பேச முடியாதல்லவா? அதனால்தான் நாலு மாதமாக இந்த ஏற்பாடு. கீழ்வீட்டு அலாவுதீன் பாய் திங்கள்தோறும் கடைக்குச் சரக்கு எடுக்கப் புதுச்சேரி போவது நம் அதிர்ஷ்டம். போன வாரம் கவரைக் கையில் வாங்கிக்கொண்டு, "என்னம்மா, முறுக்குப் பொட்டலத்தைவிட லெட்டரு கனமா இருக்கு? தங்கச்சிய திட்டறதுக்கு இவ்வளவு காயிதமா?" என்றார். அவர் வீட்டு ஜன்னத் அக்கா உள்ளேயிருந்து சிரித்தது மாடிவரை கேட்டது.

திட்டவில்லை. கேட்கிறேன். மூன்றாம் வருஷம் தொடங்கிவிட்டது. விருப்பப் பாடங்கள் இரண்டும் என்னவென்று முடிவு செய்தாயா? சென்ற வாரம் கேட்டதற்கு "பாக்கலாம்க்கா" என்று ஒற்றை வரி எழுதியிருந்தாய். பார்ப்பதற்கு இது என்ன புடவைக் கடையா?

நீ பூவத்தில் வளர்ந்த பெண். அப்பா இன்னும் ஆற்றில் தண்ணீர் எப்போது வரும் என்று பார்த்துக்கொண்டிருக்கிறார். நானும் பொருளாதாரம்தான் படித்தேன். கிடைத்த பாடத்தை எடுத்து, வங்கித் தேர்வு மூன்று முறை எழுதி, மூன்று முறையும் முதல் கட்டத்திலேயே நின்றேன். இப்போது பால் புட்டியை வெந்நீரில் போட்டுக்கொண்டிருக்கிறேன். நீயும் அப்படி ஆகக் கூடாது. எக்கனாமெட்ரிக்ஸ் ஒன்று, வங்கியியல் ஒன்று. யோசிக்கவே வேண்டாம். எக்கனாமெட்ரிக்ஸ் தெரிந்த பெண்ணை எந்த நிறுவனமும் வாசலிலேயே பிடித்துக்கொள்ளும். பெயரைப் பார்த்துப் பயப்படாதே, புள்ளியியலை வைத்துப் பொருளாதாரத்தை அளப்பதுதான், உள்ளே போனால் அது மிக அழகான பாடம்.

முறுக்கில் ஓமம் போட்டிருக்கிறேன். அறைத்தோழிகளுக்கும் கொடு.

அன்புடன்,
அக்கா எழில்மதி


புதுச்சேரி, மகளிர் விடுதி
13 ஜூலை 2025

அன்புள்ள அக்கா,

முறுக்கு திங்கட்கிழமை இரவே தீர்ந்துவிட்டது. எனக்குக் கிடைத்தது நாலு. பாப்பாவின் பல் வெளியே வந்ததா? உன் தோளில் மருந்து போட்டாயா?

இந்த முறை நீயும் குறுக்கே பேசாமல் கேள்.

நான் எடுக்கப் போவது பொது நிதியியலும் தொழிலாளர் பொருளியலும். ஏன் என்று கேட்பாய், சொல்கிறேன். நம் பூவத்தில் தமிழ்நாட்டு எல்லையை ஒட்டி இத்தனை பெட்ரோல் பங்க் ஏன் இருக்கின்றன என்று எட்டாம் வகுப்பில் உன்னிடம் கேட்டேன், நினைவிருக்கிறதா? "இங்க வரி கம்மிடி, போய்ப் படி" என்றாய். நான் போய்ப் படிக்கவில்லை. பங்க் எதிரே நின்று வண்டி நம்பர்களை எண்ணினேன். ஒரு மணி நேரத்தில் வந்த எழுபத்தொரு வண்டியில் ஐம்பத்தெட்டு தமிழ்நாட்டு வண்டி. பொறையாறு, தரங்கம்பாடி எல்லாம் போகட்டும். ஒருவர் சீர்காழியிலிருந்து வந்திருந்தார். அவ்வளவு தூரம் வருவதற்கே பெட்ரோல் தீருமே என்று கேட்டேன். "அதெல்லாம் கணக்குப் பாத்தா மனசு கெட்டுப்போவும் பாப்பா" என்றார்!

அந்த மனிதருக்காகத்தான் நான் பொருளாதாரம் படிக்கிறேன் என்று வைத்துக்கொள். ஓர் அரசாங்கம் வரியைக் குறைத்தால் அதன் வருமானம் குறைகிறதா, பக்கத்து ஊர்க்காரன் வந்து அதைக் கூட்டிவிடுகிறானா? வகுப்பில் இதைக் கேட்டபோது பேராசிரியர், "இதுக்குத்தான் மூணாம் வருஷம் ஒரு தாள் இருக்கு" என்றார். ஒன்றரை வருஷமாக அந்தத் தாளுக்காகக் காத்திருக்கிறேன்.

எக்கனாமெட்ரிக்ஸ் நல்ல பாடமாகவே இருக்கட்டும். இரண்டாம் பருவத்தில் புள்ளியியலில் எனக்கு வந்த மதிப்பெண் நாற்பத்தொன்று. அந்தத் தேர்வுக்கு முந்தைய வாரம் முழுக்க எனக்கு வயிற்றுவலி. அதை மறந்துவிட்டாயா, மறந்ததுபோல் இருக்கிறாயா?

வரும் வியாழன் 17ஆம் தேதி காலை பத்து மணிக்குப் படிவம் நிரப்பப் போகிறேன். நீதான் சேர்க்கை வேலையெல்லாம் ஓடி ஓடிச் செய்தாய், அதனால் ஓடிபி இன்னும் உன் போனுக்குத்தான் வரும். வந்ததும் அனுப்பு. அறிவுரை இல்லாமல், ஆறு எண்கள் மட்டும்.

அன்புடன்,
தாமரை


புதுச்சேரி
20 ஜூலை 2025

அக்கா,

வியாழக்கிழமை பத்து மணிக்கு ஓடிபி கேட்டேன். சிக்னல் இல்லை என்றாய். பத்தரைக்கு மறுபடி கேட்டேன். பாப்பா போனைத் தண்ணீரில் போட்டுவிட்டாள் என்றாய். தண்ணீரில் விழுந்த போனிலிருந்துதான் அந்தச் செய்தியும் வந்தது.

துறை அலுவலகத்துக்குப் போய்த் திரையைப் பார்த்தேன். எக்கனாமெட்ரிக்ஸ், வங்கியியல். சமர்ப்பித்த நேரம் காலை 6.12.

சேர்க்கையின்போது நீ போட்ட கடவுச்சொல்லை நான் மாற்றவே இல்லை. என் அக்காவிடமிருந்து எதைப் பூட்டி வைக்க வேண்டும் என்று நினைத்துவிட்டேன்.

அங்கிருந்த மேடத்திடம் இதை நான் போடவில்லை என்றேன். ஏற இறங்கப் பார்த்தார். "வேற யாரும்மா போட்டது? உங்க கார்டியன் நம்பருக்குத்தானே ஓடிபி போயிருக்கு? அப்ப அவங்களையே எழுதித் தரச் சொல்லு" என்றார். பின்னால் நின்ற பையன்கள் சிரித்தார்கள். பாதுகாவலர் கைப்பட எழுதிக் கையெழுத்திட்ட அசல் கடிதம் வேண்டுமாம். பதிவில் உள்ள கையெழுத்தோடு பொருந்த வேண்டுமாம். வெள்ளி 25ஆம் தேதி மாலை நாலு மணி கடைசி. பதிவில் இருப்பது அப்பாவின் கையெழுத்து இல்லை, உன்னுடையது. அன்றைக்கு அப்பா வயலில் இருந்தார், நீ போட்டாய். நானும் சந்தோஷப்பட்டேன்.

எனக்கு நல்லது என்று சொல்லாதே. எனக்கு நல்லது என்றால் பத்து மணிக்கு என்னோடு சண்டை போட்டிருப்பாய். விடியற்காலையில் திருட்டுத்தனமாகச் செய்திருக்க மாட்டாய். எனக்குப் புரியாதது ஒன்றுதான். வேலைக்காக என்றால் வங்கியியல் போதும். என்னைப் பயமுறுத்தும் அந்த இன்னொன்றை ஏன் போட்டாய்?

உன் எண்ணைத் தடுத்துவைத்திருக்கிறேன். அத்தானிடமோ அம்மாவிடமோ சொல்லித் தூது அனுப்பாதே. கடிதம் எழுதித் தா, இல்லையென்றால் விட்டுவிடு.

தாமரைச்செல்வி


கோவில்பத்து
21 ஜூலை 2025, திங்கள்

என் தாமரைக்கு,

பாய் இன்று கடிதத்தைக் கொடுக்கும்போது ஒன்றும் கேலி பேசவில்லை. "புள்ள மொகமே சரியில்லம்மா" என்று மட்டும் சொன்னார். அவர் மறுபடி புதுச்சேரி போவது அடுத்த திங்கள். அதற்குள் உன் வெள்ளிக்கிழமை போய்விடும். ஆகவே காலையில் பாப்பாவைத் தூக்கிக்கொண்டு தபால் நிலையம் போய் விரைவுத் தபாலில் சேர்க்கிறேன்.

உள்ளே இரண்டு தாள்கள் இருக்கின்றன. ஒன்று, பாடங்களை மாற்றச் சொல்லும் கடிதம். 'மாணவியின் சம்மதமின்றி நான் நிரப்பினேன், தவறு என்னுடையது' என்று தெளிவாகவே எழுதியிருக்கிறேன். அந்த மேடம் படிக்கட்டும். பின்னால் நின்ற பையன்களுக்கும் படித்துக் காட்டு. இன்னொன்று, பதிவில் என் எண்ணை எடுத்துவிட்டு உன் எண்ணைச் சேர்க்கச் சொல்லும் கடிதம். இதை நீ கேட்கவில்லை. நானாக எழுதினேன். கையெழுத்து பொருந்த வேண்டுமே என்று பழைய காகிதத்தில் பத்து முறை போட்டுப் பார்த்தேன். இரண்டு வருஷத்தில் என் கையெழுத்துகூட அவசரமாகிவிட்டது.

ஏன் எக்கனாமெட்ரிக்ஸ் என்று கேட்டாய். இந்த ஒரு கேள்விக்காக நீ எழுதிய மற்ற எல்லாவற்றையும் பொறுத்துக்கொள்கிறேன்.

கடைசி வருஷம் எங்கள் கல்லூரியிலும் ஒரு பட்டியல் ஒட்டினார்கள். அதில் எக்கனாமெட்ரிக்ஸ் இருந்தது. பெயர் கொடுத்தது நான் ஒருத்திதான். "ஒரு புள்ளைக்காக ஒரு தாள் நடத்த முடியுமா? எல்லாரோடயும் போயிரும்மா" என்றார்கள். கிராமப்புற வளர்ச்சிக்குப் போய்ச் சேர்ந்தேன். அந்த வகுப்பில் ஒரு நாள்கூட எனக்கு மனம் ஒட்டவில்லை. அதற்குப் பிறகு கல்யாணம், தேர்வுகள், பாப்பா. உனக்கு எது பிடிக்கும் என்று என்னை யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் பதில் தயாராக இருந்தது, அதுதான் எரிச்சல்.

மார்ச் மாதம் உங்கள் கல்லூரிப் பாடத்திட்டத்தை இறக்கிப் பார்த்தேன். உனக்காக என்றுதான் எனக்கே சொல்லிக்கொண்டேன். பாப்பா தூங்கியபின், அதில் சொல்லியிருந்த புத்தகத்தில் தினமும் ஒரு பக்கம். தடுப்பூசி அட்டையில் குறித்திருந்த அவளுடைய பதினெட்டு மாதத்து எடைகளை வைத்து ஒரு கோடு பொருத்தினேன், தாமரை. அடுத்த மாதம் எவ்வளவு இருப்பாள் என்று கணக்கிட்டேன். எடை பார்த்தபோது என் கணக்கிலிருந்து நூறு கிராம்தான் வித்தியாசம். அங்கன்வாடியில் நின்று எனக்கு அழுகை வந்துவிட்டது. குழந்தை எடை குறைந்துவிட்டது போலும் என்று அங்கிருந்த அஞ்சுகம் அக்கா பதறிப்போனார். அத்தானிடம் சொன்னேன். "புள்ள நல்லா வளருதுல்ல, அது போதும்" என்றார். நல்ல மனிதர்தான். ஆனால் நான் சொன்னது அது இல்லை.

நீ அந்த வகுப்பில் உட்கார்ந்தால் குறிப்புகள் எனக்கும் வரும். புரியாததை நீ போனில் கேட்பாய், நான் சொல்லித்தருவேன். மாடிப்படியில் உட்கார்ந்தபடி நானும் அந்தத் தாளைப் படித்து முடித்துவிடலாம். ஆறு மணிக்குப் பொத்தானை அழுத்தியபோது என் மனத்தில் ஓடியது இதுதான். உன் வேலை, உன் எதிர்காலம், அப்பாவின் வயல் எல்லாம் அதன்மேல் நான் போட்ட போர்வை. உன் வயிற்றுவலியை நான் மறக்கவில்லை. மறந்ததுபோல் இருந்தேன்.

மன்னிக்கச் சொல்லி எழுத வரவில்லை. எழுதினால் அதுவும் உன்மேல் போட்ட ஒரு வேலைபோலவே இருக்கும். நீ பொது நிதியியலே படி. சீர்காழிக்காரருக்குப் பதில் கண்டுபிடி. வங்கியியலும் வேண்டாம், தொழிலாளர் பொருளியலே இருக்கட்டும், கடிதத்தில் அப்படித்தான் எழுதியிருக்கிறேன். தொலைநிலைக் கல்வியில் எனக்கு என்ன கிடைக்கும் என்று நானே விசாரித்துக்கொள்கிறேன். ஒருவேளை ஒன்றும் கிடைக்காது. அது உன் தலைவலி இல்லை.

தபால் புதன்கிழமை வந்துவிட வேண்டும். வாசலில் இருக்கும் காவலாளியிடம் சொல்லி வை. உங்கள் விடுதியில் தபால்கள் மேஜையிலேயே கிடக்கும் என்று நீதான் ஒருமுறை எழுதியிருந்தாய். அதனால்தான் கவரின் இரண்டு பக்கமும் உன் பெயரைப் பெரிதாக எழுதியிருக்கிறேன். உனக்குப் போன் செய்து கேட்க வழியில்லை. அம்மா போனிலிருந்து அழைக்கவும் மாட்டேன், நீ வேண்டாம் என்றாய்.

கோபம் இருக்கட்டும். கவர் கைக்கு வந்ததா, நாலு மணிக்குள் கொடுத்துவிட்டாயா, இந்த இரண்டை மட்டும் ஒரு வரியில் சீக்கிரம் எழுதிப் போடு.

எழில்மதி