தட்டுக்குள் ஓர் அலை

2004 நவம்பர் 10, புதன்

இன்றும் சாலிஹுக்குத்தான் கைதட்டல். புதன்கிழமைகளில் பள்ளிக்கூடம் விட்டபின் பழைய விண்வெளித் தொலைக்காட்சித் தொடரைப் போட்டுக்காட்டி விஞ்ஞானம் சொல்லிக்கொடுக்கும் யோசனை என்னுடையது. காத்தான்குடியில் வீடியோக் கடை வைத்திருக்கும் சாலிஹ், டெக்கும் கசெட்டும் கொண்டுவர மட்டும்தான் வந்தான்.

விண்வெளியில் காற்றில்லை, கப்பல் வெடித்தால் சத்தம் கேட்காது என்றேன். கொட்டாவி விட்டார்கள். அவன் கறுப்புத் துணியில் உப்பைத் தூவி நட்சத்திரமாக்கி, பவுடர் டின்னை நைலோன் நூலில் கட்டிப் பறக்கவிட்டான். அவ்வளவு பிள்ளைகளும் அவனை மொய்த்துவிட்டார்கள்.

பதினாறு வருடமாகப் பௌதிகம் படிப்பிக்கிறேன். ஒரு கடைக்காரன்மேல் பொறாமை. வெட்கமாக இருக்கிறது. இருந்தும் வயிறு எரிகிறது.

நவம்பர் 17

ஆர்த்திகாவும் போய்விட்டாள். முன்வாங்கில் இருந்து நான் சொல்வதையெல்லாம் எழுதும் பிள்ளை, இன்று அவனுடைய நூலைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

நவம்பர் 24

இன்று வென்றேன்.

தொடரில் ஒரு கிரகத்தின் கடல் உள்வாங்கி, பிறகு எழுந்து ஊரை விழுங்கியது. சாலிஹ் பேக்கரித் தட்டில் மணல் பரப்பி, தீப்பெட்டி வீடுகள் வைத்து, தண்ணீரைச் சரித்துக் காட்டினான். "பெரிய அலைக்கு முன்னுக்குத் தண்ணி பின்னால போகும் டீச்சர். போனா ஓடணும்."

எங்கே படித்தாய் என்று கேட்டேன். கப்பலில் வேலை செய்த ஒருவர் சொன்னாராம். பிள்ளைகள் சிரித்தார்கள். கரும்பலகையில் 'சாத்தியம்', 'அசாத்தியம்' என்று இரண்டு நிரல் போட்டு, விண்வெளி வெடிச் சத்தத்தோடு சேர்த்து, உள்வாங்கும் கடலையும் அசாத்தியத்தில் எழுதினேன். ஆர்த்திகா கொப்பியைத் திறந்து எழுதிக்கொண்டாள்.

எனக்கு நிச்சயமாகத் தெரியுமா? தெரியாது. புத்தகமும் பார்க்கவில்லை. அவன் முகம் வாடியது இனிப்பாக இருந்தது.

டிசம்பர் 30

எங்கள் வீடு வாவிப் பக்கம். தப்பிவிட்டது.

ஞாயிறு காலை முதலில் முழங்காலளவு தண்ணீர் வந்து திரும்பியதாம். பிறகு கடல் உள்வாங்கியதாம். புதன் வகுப்புக்கு வரும் லக்ஷன், சாலிஹின் தட்டை நினைத்துத் தம்பியை இழுத்துக்கொண்டு ஓடியிருக்கிறான். ஆர்த்திகாவையும் கூப்பிட்டானாம். அவள் சொன்னதை என்னிடமும் சாலிஹிடமும் அப்படியே சொன்னான்: "அது அசாத்தியம் எண்டு டீச்சர் எழுதினவ."

பார்க்க நின்றிருக்கிறாள். கடல் கொண்டுபோய்விட்டது. நான்தான். ஐயோ, நான்தானே நிக்க வச்சன் —

2005 ஜனவரி 9

லக்ஷனைத் திருகோணமலைக்கு, மாமா வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். இன்று அகதி முகாமில் ஆர்த்திகாவின் அம்மா புஸ்பம் எல்லோருக்கும் முன்னால் சொன்னாள்: "அந்தக் கடைக்காரன்தான் கடல விளையாட்டாக் காட்டி என்ட பிள்ளையக் கெடுத்தவன்."

சாலிஹ் அரிசி மூட்டையோடு நின்றான். என்னைப் பார்த்தான். நான் வாளியைத் தூக்கிக்கொண்டு தண்ணீர் வரிசைக்குப் போனேன்.

மார்ச் 2

சாலிஹ் இந்தப் பக்கம் வருவதில்லை. எங்கள் ஆட்கள் அவன் கடைக்குப் போவதுமில்லை. வகுப்பு இனி முழுக்க எனக்குத்தான். விரும்பியது கிடைத்துவிட்டது.

2006 ஒக்டோபர் 14

புஸ்பம் மண்டூரில், தங்கை வீட்டில். சண்டையால் பாதை பூட்டு. உண்மையைச் சொல்லப் போகாமலிருக்க நல்ல சாட்டு.

2009 மே 20

போர் முடிந்துவிட்டதாம். சந்தியில் வெடி கொளுத்துகிறார்கள். மண்டூர்ப் பாதை இரண்டு வருடமாகத் திறந்துதான் கிடக்கிறது. எனக்குத்தான் சாட்டு முடியவில்லை.

மே 31, ஞாயிறு

போனேன். புஸ்பம் நெல் புடைத்துக்கொண்டிருந்தாள். எல்லாவற்றையும் சொன்னேன், பொறாமையையும் சேர்த்து.

"சாலிஹுக்கு இது தெரியுமா?"

அன்றைக்கே தெரியும் என்றேன்.

"அவர் நாலு வருசமா வாய் திறக்காமலா இருந்தவர்?"

சுளகைக் கீழே வைத்தாள். என்னை இருக்கச் சொல்லவில்லை.

ஜூன் 7

சாலிஹிடம் மன்னிப்புக் கேட்கக் காத்தான்குடி போனேன். புஸ்பம் எனக்கு முன்பே வந்திருந்தாள். சாலிஹின் மனைவி ஸஹீதா தேத்தண்ணி ஊற்றிக்கொண்டிருக்க, புஸ்பம் ஆர்த்திகாவின் சின்ன வயதுக் குழப்படியொன்றைச் சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தாள். அவன் கேட்டுக்கொண்டிருந்தான். அந்தப் பிள்ளையைப் பற்றி என்னிடம் அவள் ஒருநாளும் அப்படிப் பேசியதில்லை. படியில் நின்றபடி, அந்த இடத்திலும், அவன்மேல் பொறாமைப்பட்டேன்.

"வாங்க டீச்சர்," என்றான் சாலிஹ். புஸ்பம் கதையை நிறுத்திவிட்டாள்.

மன்னிப்புக் கேட்டேன். அவன் உடனே தந்தான். அவள் கோப்பையையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் விடைபெற்றுப் படியிறங்கிய பிறகுதான், விட்ட இடத்திலிருந்து அவள் மறுபடியும் சொல்லத் தொடங்கியது கேட்டது.