மக்காச்சோளக் காட்டில் ஈஸ்டர்

குன்னம்
10.3.2025

பாசமுள்ள அண்ணனுக்கு,

வெற்றிச்செல்வி எழுதுகிறேன். போனில் பேசினால் இரண்டு பேருமே கத்துகிறோம். கடிதத்தில் குறுக்கே பேச முடியாதே! அண்ணி நலமா?

சொல்லாமல் இருக்க முடியவில்லை. வருகிற ஈஸ்டர் விடியற்காலை, பெரம்பலூர் அரியலூர்ப் பக்கத்துச் சபைகள் ஒரே இடத்தில் கூடி ஆராதனை செய்யப்போகிறோம்! எங்கள் மெதடிஸ்ட் சபை சரி என்றுவிட்டது. கத்தோலிக்க ஃபாதர் சவரிராஜும் ஒப்புக்கொண்டார். மிஷனரியாக நான் இங்கே வந்தபோது, இந்தச் சபைக்காரர் சாவுக்கு அந்தச் சபைக்காரர் வாசலோடு திரும்பிப் போவார். அந்த ஊரில் இது நடக்கப்போகிறது, அண்ணா.

இடம்தான் கிடைக்கவில்லை. ஒருவர் கோவிலுக்குள் இன்னொருவர் வரமாட்டார். பக்கத்துக் காட்டுக்காரர் பெரியம்மாள் அக்கா மாரியம்மனுக்குத் தீச்சட்டி எடுப்பவர். நாங்கள் பேசுவதைக் கேட்டுவிட்டு, "சோளம் அறுத்த காடு சும்மாத்தான கெடக்கு. அங்க வந்து கும்பிட்டுட்டுப் போங்க. வரப்ப மட்டும் ஒடச்சிராதீங்க" என்றார்!

உங்கள் பெந்தெகொஸ்தே சபை இல்லாமல் இது பாதிதான். உங்கள் ஜனங்களோடு வருவீர்களா?

அன்புத் தங்கை,
வெற்றி


அரியலூர்
19.3.2025

கிறிஸ்துவுக்குள் பிரியமான தங்கைக்கு, ஸ்தோத்திரம்.

உன் சந்தோஷத்தைக் கெடுக்க மனமில்லை. ஆனாலும் நான் வர முடியாது. சிலை வைத்துக் கும்பிடுகிறவர்களோடு எப்படி நிற்பேன்? கைக்குழந்தைக்குத் தண்ணீர் தெளித்து ஞானஸ்நானம் என்கிற உங்களோடும்தான் எப்படி?

உன் சபையை விட்டு வந்து இந்த ஷெட்டில் நான் ஊழியம் தொடங்கியபோது 'கொட்டாய் சபைக்காரன்' என்று சிரித்தார்கள். உன்னை மிஷனரியாக அனுப்பிய ஆராதனைக்கு நான் வரவில்லை என்று உனக்கு வருத்தம். வந்திருந்தால் என்னை எங்கே உட்கார வைத்திருப்பார்கள்?

இன்னொன்று. நான் அங்கே வந்தது தெரிந்தால் என் விசுவாசிகள் கலைந்துவிடுவார்கள். பிறகு இந்த ஷெட்டில் நானும் உன் அண்ணி கலையரசியும்தான் மிஞ்சுவோம்.

பாஸ்டர் அறிவரசன்


குன்னம்
2.4.2025

அன்பு அண்ணனுக்கு,

உங்களைப் பார்த்துச் சிரித்தவர் எங்கள் சபை மூப்பர் முருகையன் ஐயா என்பது எனக்குத் தெரியும். நேரே போய்க் கேட்டுவிட்டேன். அவர் தப்புதான் என்று ஒத்துக்கொண்டார். பிறகு, "தம்பி வரட்டும்மா. நானே கையப் புடிச்சுக் கூட்டிட்டுப் போயி முன்னால நிறுத்துறேன்" என்றார்.

நேற்றைய கூட்டத்தில் ஒரே ரகளை! ஆண்டவர் கற்றுக்கொடுத்த ஜெபத்தை யாருடைய வார்த்தையில் சொல்வது? நாங்கள் 'பிதாவே' என்போம், கத்தோலிக்கர் 'தந்தையே' என்பார்கள். "அர்த்தம் ஒண்ணுதானங்க" என்றேன். "அப்ப அவங்க மாத்திக்கட்டும்" என்றார் முருகையன் ஐயா. ஃபாதருக்கே சிரிப்பு வந்துவிட்டது. கடைசியில், அவரவர் வார்த்தையில் எல்லாரும் சேர்ந்து சொல்வதென்று முடிவு.

உங்களை வற்புறுத்தவில்லை. எதிர்பார்க்காமலும் இருக்க முடியவில்லை.

வெற்றி


குன்னம்
21.4.2025

அண்ணா, அண்ணா!

என்ன காரியம் செய்துவிட்டுப் போனீர்கள்!

காடு கொள்ளாத கூட்டம். ஜெபம் தொடங்குகிற நேரம் பார்த்து ஜெனரேட்டர் நின்றுவிட்டது. ஃபாதருக்கு மெல்லிய குரல். எனக்குப் பாடிப் பாடித் தொண்டை கட்டிவிட்டது. பின்னால் நின்றவர்களுக்கு ஒன்றும் கேட்காமல் சிலர் செருப்பைத் தேட ஆரம்பித்தார்கள். அவ்வளவுதான், எல்லாம் போச்சு என்று நினைத்தேன்.

அப்போது புளியமரத்தடியிலிருந்து "பிதாவே!" என்று ஒரு குரல். அந்தக் குரலை எனக்குத் தெரியாதா? கிளம்பியவர்கள் நின்றார்கள். ஆளாளுக்கு ஒரு வார்த்தை. முதலில் சந்தை இரைச்சல் மாதிரிதான் இருந்தது. ஆனால் 'ஆமென்' மட்டும் ஒரே சத்தமாக எழுந்தது, அண்ணா!

முருகையன் ஐயா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மரத்தடிக்கு ஓடினார். அதற்குள் உங்கள் பைக் ரோட்டில் ஏறிவிட்டது. பெரியம்மாள் அக்கா, "யாரு அந்த ஆளு? இந்தத் தொண்ட இருக்கும்போது மைக் எதுக்கு?" என்று கேட்டார்.

"எங்க அண்ணன்" என்றேன்.

ஏன் நிற்காமல் போனீர்கள்?

வெற்றி


அரியலூர்
27.4.2025

அன்புள்ள வெற்றிக்கு,

ஓரமாய் நின்று பார்த்துவிட்டுத் திரும்பத்தான் வந்தேன். ஜனங்கள் கலைவதைப் பார்த்ததும் வாய் தானாகத் திறந்துவிட்டது. முடித்தபோது எனக்குக் கண் நிறைந்துவிட்டது. அந்த முகத்தோடு உன் முன்னால் வர வெட்கமாக இருந்தது.

அன்றைக்கே என் சபையில் காட்டில் நடந்ததைச் சொல்லிவிட்டேன். இரண்டு குடும்பங்கள் எழுந்து போய்விட்டன. நான் வாசலையே பார்த்துக்கொண்டு நின்றேன். "மத்தவங்க உக்காந்துதான இருக்காங்க? பிரசங்கத்த ஆரம்பிங்க" என்றாள் உன் அண்ணி.

ஞானஸ்நானத்தைப் பற்றி என் எண்ணம் மாறவில்லை. அது வேறு. வருகிற ஞாயிறு மாலை எங்கள் ஷெட்டில் கூடுகை இருக்கிறது. நீ வந்து தேவசெய்தி கொடு. இதுவரை எங்கள் மேடையில் பெண்கள் பேசியதில்லை. என் மூப்பர்கள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருக்கிறார்கள். நான் பார்த்துக்கொள்கிறேன். நீ தைரியமாக வா.

ஃபாதரையும் முருகையன் ஐயாவையும் கூட்டிக்கொண்டு வா. சாப்பாடு நம் வீட்டில்தான். மீனா, கறியா என்று கலையரசி கேட்கிறாள். உடனே போன் பண்ணு.

உன் அண்ணன்