வேலியோரத்துச் சிரட்டை

மச்சாள்,

இன்று காலை உங்கள் குசினியில் அடுப்பு மூட்டத் தேங்காய்ச் சிரட்டை தேடினேன். மூலையில் கிடந்த சாக்கைக் கொட்டியபோது உள்பக்கமெல்லாம் மெழுகு உறைந்து கறுத்துப்போன ஒரு சிரட்டை உருண்டு வந்தது. மூக்கருகே கொண்டுபோனேன். எரிந்து அணைந்த மெழுகுதிரி மணம். அதை அடுப்புக்குள் போட எனக்குக் கை வரவில்லை. நீங்கள் போன பிறகு வருகிற முதல் ஆத்துமாக்கள் திருநாள் இன்றைக்குத்தானே.

இந்த நாளில் ஊர்ச்சனம் முழுக்கச் சேமக்காலையில் நிற்கும். அவரவர் கல்லறையைத் துப்புரவாக்கி, வாடைக்காற்று அணைத்துவிடாதபடி சிரட்டைக்குள் மெழுகுதிரி வைத்துக் கொளுத்துவார்கள். எங்கள் அண்ணைக்கு மட்டும் கொளுத்த ஒரு கல்லறை இருக்கவில்லை.

பல வருசத்துக்கு முன், சோளகக் காற்றடிக்கிற காலத்தில் கடல்தொழிலுக்குப் போன அண்ணையின் வள்ளம் கவிழ்ந்து காரைநகர்ப் பக்கம் ஒதுங்கியது. உங்கள் புருசன், என் ஒரே தமையன், ஒதுங்கவில்லை. அவர் உயிரோடு இருக்கிறார் என்று நான் ஒற்றைக்காலில் நின்றேன். துக்கமணி அடிக்கக் கூடாது என்று கோயில் வாசலில் சண்டை பிடித்தேன். நீங்களோ ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை. "எல்லாம் ஆண்டவருக்குத் தெரியும், பிள்ளை" என்றீர்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"தெரிஞ்சால் வாயைத் திறந்து சொல்லட்டும் பாப்பம்!" என்று கத்தினேன். நீங்கள் மீனைக் கழுவிக்கொண்டிருந்தீர்கள்.

அன்றிலிருந்து உங்களில் எனக்குச் சந்தேகம். புருசனைக் கடல் கொண்டுபோன பெண் அழவில்லை என்றால் ஒன்றில் அவள் மனம் கல்லாக இருக்கவேண்டும், அல்லது ஆள் இருக்கிற சேதி அவளுக்கு வந்திருக்கவேண்டும். உங்கள் மனம் கல் இல்லை என்பது எனக்குத் தெரியும். அந்தக் காலத்தில் இந்தியாக் கரைக்குக் கள்ளச்சாமான் ஏற்றிப்போகிற வள்ளங்களும் இருந்தன. அண்ணை ஏதோ சிக்கலில் அக்கரையில் ஒளித்திருக்கிறார், சேதி உங்களுக்கு வருகிறது, எனக்கு மறைக்கிறீர்கள் என்று கணக்குப் போட்டேன். நீங்கள் கிணற்றடிக்குப் போனாலும் என் கண் பின்னாலேயே வந்தது.

அந்த வருசத்து ஆத்துமாக்கள் திருநாளில், சேமக்காலையில் எல்லோரும் செபத்தில் நிற்க, நீங்கள் சேலைத் தலைப்புக்குள் எதையோ மறைத்துக்கொண்டு பின்பக்கம் நழுவினீர்கள். விடுவேனா? பின்னாலே வந்தேன். ஓலைவேலியோரத்தில், சிலுவைகூட இல்லாத ஒரு மண்மேட்டுக்கு முன்னால் குந்தியிருந்து சிரட்டைக்குள் திரி கொளுத்திக்கொண்டிருந்தீர்கள். அண்ணை காணாமற்போய்ச் சில கிழமைகளில் கரையொதுங்கிய ஒரு சடலத்தை அங்கேதான் தாட்டிருந்தார்கள். ஆள் யாரென்று தெரியாது, ஞானஸ்நானம் பெற்றதோ தெரியாது என்று கோயில் மூப்பர் வேலியோரத்தைக் காட்டிவிட்டவர்.

முன்னால் போய் நின்றேன். "இது அண்ணையோ? உண்மையைச் சொல்லுங்கோ மச்சாள்!"

"இல்லை. உம்மடை அண்ணைக்கு முன்பல் ஒண்டு இல்லை. இந்த மனிசனுக்கு எல்லாப் பல்லும் இருந்தது."

அந்தச் சடலம் ஒதுங்கிய அன்று கரைப்பக்கம் பெண்களை வரவிடாமல் ஆண்கள் மறித்து நின்றார்கள். நீங்கள் எப்படிப் போனீர்களோ, சடலத்தை மூடியிருந்த சாக்கை எந்தக் கையால் தூக்கிப் பார்த்தீர்களோ, எனக்குத் தெரியாது. ஆனாலும் வாய் அடங்கவில்லை.

"பிறகேன் கொளுத்திறியள்? இவர் வேதக்காரரோ சைவக்காரரோ ஆர் கண்டது?"

"ஆண்டவருக்குத் தெரியும்."

"தொடங்கீட்டியள்!"

அப்போதுதான் அழுதீர்கள். "இஞ்சை பாரும். இவரையும் ஒருத்தி தேடிக்கொண்டிருப்பாள். இவர் இஞ்சை கிடக்கிறது அவளுக்குத் தெரியாது. என்ரை மனிசன் கிடக்கிற இடம் எனக்குத் தெரியாது. ரெண்டும் தெரிஞ்சவர் ஒராள்தான். என்ரை மனிசன் எங்கை ஒதுங்கினாரோ, அங்கை ஆரும் ஒரு திரி கொளுத்தட்டும். நான் கேக்கிறது அவ்வளவுதான்."

"அப்ப ஆண்டவரோடை பண்டமாற்றோ?"

"எண்டே வையுமன்" என்று மூக்கைச் சீறிக்கொண்டு சிரித்தீர்கள். அந்தக் கிழமை அண்ணைக்குத் துக்கமணி அடித்தபோது நான் மறிக்கவில்லை.

உங்களைச் சந்தேகப்பட்டது பிழை என்று சொல்ல இதை எழுதவில்லை. பல்லைப் பார்த்ததை எனக்குச் சொல்லாமல் மறைத்தது நீங்கள்தானே! உங்கள் ஆண்டவரையும் நான் இலேசில் விடவில்லை. பூசையில் முழந்தாளில் இருக்கும்போதும் ஒரு கண்ணைத் திறந்து அவரைப் பார்த்துக்கொண்டுதான் இருப்பேன். நீங்கள் அதைக் கண்டுபிடித்துவிட்டீர்கள். "ஒரு கண் மூடியிருக்குதல்லோ, இப்போதைக்கு அது போதும்" என்றீர்கள். பிறகு ஒவ்வொரு வருசமும் வேலியோரத்துக்கு நாங்கள் சேர்ந்துதான் போனோம். நீங்கள் செபித்தீர்கள், நான் காவல் நின்றேன்.

இன்று பின்னேரம் முதலில் உங்கள் கல்லறையில் கொளுத்தினேன். பிறகு அந்தப் பழைய சிரட்டையை எடுத்துக்கொண்டு வேலியோரம் போனேன். அங்கே ஏற்கெனவே ஒரு திரி எரிந்துகொண்டிருந்தது, மச்சாள். புதுச் சிரட்டை. புல்லுகூடப் பிடுங்கியிருந்தது. யார் இந்த வேலை பார்த்தது என்று நின்ற சனத்தை ஒவ்வொருவராக விசாரித்தேன். "நானில்லை அக்கா" என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். ஒருவரையும் நான் நம்பவில்லை. விசாரிப்பதை விடப்போவதுமில்லை.

ஆனால் திரும்பி வந்து உங்கள் சிரட்டையைப் பக்கத்தில் வைத்துக் கொளுத்தும்போது புதிதாக ஒரு சந்தேகம் வந்தது. எங்களுக்குத் தெரியாமல் இங்கே ஒரு கை இருக்கிறதென்றால், அண்ணை கிடக்கிற கரையிலும் ஒன்று இருக்குமோ?

முழந்தாளில் இருந்தேன். இரண்டு கண்ணையும் மூடினேன்.