பெரிய வாரத்தில் பின்னணி இசை

ஏப்ரல் 4, 2004. குருத்து ஞாயிறு

காலையிலேயே வெயில் முதுகைக் கடிக்கிறது. குருத்தோலை பவனியை வீடியோ எடுத்தேன். யாரோ ஒருவரின் ஓலை லென்ஸில் குத்தியது. கீறல் இல்லை, தப்பித்தேன்.

என் படத்தின் எடிட்டிங் நேற்றோடு முடிந்தது. இருபத்திரண்டு நிமிடம். லாரி டிரைவரின் மனைவி ஒருத்தி. புருஷன் ஒட்டன்சத்திரத்தில் தக்காளி ஏற்றிக்கொண்டு கேரளா போனவன், சொன்ன நாளில் திரும்பவில்லை. இவள் காத்திருக்கிறாள். கடைசியில் லாரி வருகிறது, கதவைத் திறக்கிறாள். அவ்வளவுதான் கதை. கல்யாண வீடியோக்களுக்கு நடுவே இரண்டு வருடம் எடுத்திருக்கிறேன்.

மீதி வேலை:
பின்னணி இசை.
டைட்டில்.
திருவனந்தபுரத்தில் குறும்பட விழாவுக்கு டேப் அனுப்புவது. அடுத்த திங்கள் கடைசி நாள். சனிக்கிழமை கூரியரில் போட்டாக வேண்டும்.
அம்மாவுக்குக் கண் சொட்டு மருந்து.

பூசை முடிந்ததும் ரெஜினா அக்காவைப் பிடித்தேன். எங்கள் கோயில் பாடகர் குழுவை நடத்துகிறவர், கீபோர்டும் அவர்தான். வார நாட்களில் கணக்கு டீச்சர். "இசை நீங்கதான்க்கா போடணும்" என்றேன். பரீட்சைத் தாள் திருத்துகிற முகத்தோடு கேட்டுக்கொண்டார்.

"போட்ருவோம்லே அந்தோணி. மொதல்ல படத்தக் காட்டு."

ஏப்ரல் 5, திங்கள்

பாட்டு ரெக்கார்ட் செய்கிற பாபுவின் ஸ்டுடியோவில் வெள்ளிக்கிழமை முழுநாளும் காலி. உடனே புக் செய்தேன். வியாழன் வரை தேர்தல் பாட்டு ரெக்கார்டிங்காம், நகர மாட்டேன் என்கிறான். வெள்ளி மட்டும் ஏன் காலி என்று நான் கேட்கவில்லை.

என் வீடியோ கடையில் கரண்ட் இல்லை. வேலையும் இல்லை. பழசெல்லாம் ஞாபகம் வருகிறது.

பாடகர் குழுவில் நான் சேர்ந்தது 93இல், ஒரு பெண்ணுக்காக. அந்தப் பெண் கல்யாணமாகி துபாய் போய்விட்டாள், நான் மட்டும் மாட்டிக்கொண்டேன். குரல் சுத்தம். ரெஜினா அக்கா என்னைத் துரத்தவில்லை. கீபோர்டு பக்கத்தில் நிற்க வைத்தார். "நீ பாட வேணாம். பக்கத்தத் திருப்பு. எல்லாரும் நிறுத்துற எடத்துல வாய்க்குள்ளயே எண்ணு." எண்ணினேன். இன்றைக்கும் ஒரு ஷாட்டை எங்கே வெட்டுவது என்று தெரியாவிட்டால் வாய்க்குள் எண்ணத்தான் செய்கிறேன்.

அப்புறம் 97. அவர் தங்கை கல்யாணத்துக்கு நான்தான் வீடியோ. தாலி கட்டும் இடத்தில் சினிமாப் பாட்டு, பூ கொட்டுகிற எஃபெக்ட், எல்லாம் போட்டு அசத்தியிருந்தேன். அக்கா பார்த்துவிட்டு ஒன்றே ஒன்று கேட்டார். "எங்கப்பா அழுதாரேலே. அந்தச் சத்தம் எங்க?"

ஒரிஜினல் டேப்பைப் போட்டுப் பார்த்தேன். அழுகை இருந்தது. நான்தான் பாட்டை ஏற்றி அதை மூடியிருக்கிறேன். படம் எடுக்க வேண்டும் என்ற கிறுக்கு அன்றைக்குப் பிடித்ததுதான். இதை அவரிடம் இன்றுவரை சொன்னதில்லை.

ஏப்ரல் 7, புதன்

சாயந்திரம் அக்கா கடைக்கு வந்தார். ஷட்டரைப் பாதி இறக்கிப் படத்தைப் போட்டேன். வெளியே பிரச்சார ஜீப் ஒன்று கத்திக்கொண்டே போனது. அது போனதும் முதலிலிருந்து மறுபடி போடச் சொன்னார்.

"நல்லாருக்குலே."

அந்த ஒரு வார்த்தைக்கு எனக்குத் தலைகால் புரியவில்லை. அதே வேகத்தில் வெள்ளிக்கிழமை ஸ்டுடியோ என்று சொன்னேன்.

"எந்த வெள்ளி?"

"இந்த வெள்ளிதான்க்கா."

"பெரிய வெள்ளிலே அது! வியாழக்கெழம பூசையோட கீபோர்ட மூடுனா சனிக்கெழம ராத்திரிதான் தொறப்பேன். ஒனக்குத் தெரியாதா?"

தெரியும். ஞானஸ்நானம் வாங்கியவன், பத்து வருடம் அவர் பக்கத்தில் நின்று பக்கம் திருப்பியவன். மறந்தே போனேன். பாபு ரெக்கார்ட் செய்வதில் பாதி கிறிஸ்தவப் பாட்டு கேசட். அவர்களெல்லாம் அன்று கோயிலில் இருப்பதால்தான் ஸ்டுடியோ காலி. புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

கெஞ்சினேன். ஒரு நாள்தானே, சாமி கோபித்துக்கொள்ளுமா என்றும் கேட்டுவிட்டேன்.

"சாமிக்காக இல்லலே. ரெண்டு நாள் ஒரு கட்டையக்கூட அமுக்காம இருந்து பாரு. அப்புறம் ஈஸ்டர் ராத்திரி பூசைல வானவர் கீதம் பாட மணியடிச்சு நான் கைய வைக்கையில, கடேசி வரிசைல தூங்குறவன்கூட நிமுந்து உக்காருவான். வாசிக்காம இருந்ததுனால வர்ற சத்தம் அது."

"உங்களுக்குக் கோயிலு. எனக்கு இது பொழப்புக்கா."

"பொழப்புன்னா கல்யாண வீடியோ போதுமே."

எழுந்து போய்விட்டார். குடையை மறந்துவிட்டுப் போயிருக்கிறார். வலித்தது. இப்போதும் வலிக்கிறது.

ஏப்ரல் 8, வியாழன்

கோயிலுக்குப் போகவில்லை. அம்மா தனியாகப் போய் வந்தார். பாதம் கழுவும் சடங்கில் ஒரு தாத்தா கூச்சத்தில் சிரித்துவிட்டாராம்.

பாபுவுக்கு போன். "நானே வாசிக்கிறேன்ணே. சோகம்தான? மத்தியானத்துக்குள்ள முடிச்சிரலாம்." சரி என்றேன். வேறென்ன சொல்ல.

ஏப்ரல் 9, பெரிய வெள்ளி

சொன்னபடி பாபு முடித்துவிட்டான். கீபோர்டில் வயலின், புல்லாங்குழல், இடையில் ஒரு தபேலா. முதல் நிமிடத்திலிருந்து கடைசி வரை ஓடுகிறது. நன்றாகத்தான் இருக்கிறது, டி.வி.யில் வருகிற மாதிரி. டேப்போடு வீட்டுக்கு வந்தேன். நாளை கூரியர். கவலை விட்டது என்று படுக்கப் போனால் அம்மா விடவில்லை. "இன்னிக்குக்கூட வரலேன்னா எப்புடிப்பா?"

மூன்று மணிக் கோயில். புழுக்கம். பீடத்தில் துணிகூட இல்லை. மணிக்குப் பதில் மரக்கட்டையைத் தட்டினார்கள். பாட்டை எங்கள் குழுவின் சேவியர் அண்ணன் எடுத்துக்கொடுத்தார், வழக்கம்போல ரொம்ப மேல் சுருதியில். பெண்கள் பாதியில் தத்தளித்தார்கள். கீபோர்டு மேல் துணி போர்த்தியிருந்தது. அக்கா அதன் பக்கத்தில் மடியில் கை வைத்து உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்தார், பார்க்காத மாதிரி இருந்துவிட்டார்.

பாட்டு நிற்கும் ஒவ்வொரு இடத்திலும் என் காது கீபோர்டைத் தேடியது. வரவில்லை. மறுபடி தேடியது. எழுந்து போய்விடலாம் போல ஒரு தவிப்பு. அப்போதுதான் உறைத்தது. என் படத்தில் அந்தப் பொம்பளைக்கு இருப்பதும் இதே தவிப்புதான். பாபுவின் வயலின் அவளை ஒரு நிமிடம்கூடக் காத்திருக்க விடவில்லை. அவள் ரோட்டைத் திரும்பிப் பார்ப்பதற்குள் வயலின் எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறது. 97இல் செய்ததையே மறுபடி செய்திருக்கிறேன்.

கோயில் வாசலில் கஞ்சி ஊற்றினார்கள். தொட்டுக்கொள்ளத் துவையல். இரண்டு தடவை வாங்கிக் குடித்தேன்.

ஏப்ரல் 10, சனி

காலையில் பாபுவின் இசை முழுவதையும் எடுத்துவிட்டேன். போனில் சொன்னேன்.

"அப்ப எதுக்குண்ணே வாசிக்கச் சொன்னீங்க?"

நியாயமான கேள்வி. மன்னிப்பு கேட்டேன்.

இப்போது படத்தில் இருப்பது: குக்கர் விசில், பக்கத்து வீட்டு ரேடியோ, ரோட்டில் போகும் வேறு யார் யாரோ லாரிகள். பார்க்கப் பயமாக இருக்கிறது. ஆனால் அவள் காத்திருக்கிறாள். கடைசியில் கதவைத் திறக்கும் இடத்தில் மட்டும் ஒரு சத்தம் வேண்டும். அக்கா சொன்ன அந்த முதல் சத்தம். இன்று ராத்திரி ஈஸ்டர் பாஸ்கா பூசையை வழக்கம்போல நான்தான் வீடியோ எடுக்கிறேன். மைக்கைக் கீபோர்டு பக்கம் வைத்துவிட வேண்டும்.

கூரியர்காரர் கடையைப் பூட்டும்வரை எதிரே நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். கொடுக்கவில்லை. நாளை பஸ்ஸில் நானே கொண்டுபோக வேண்டியதுதான். இரண்டு வருட வேலையை ஒரு சத்தத்தை நம்பி நிறுத்தி வைத்திருக்கிறேன். அம்மாவிடம் சொல்லவில்லை, சொன்னால் மந்திரிக்கக் கூட்டிப்போவார்.

பேட்டரி சார்ஜ். புது டேப். குடை கொடுக்க வேண்டும்.

ஏப்ரல் 11, ஈஸ்டர்

நேற்று நடந்தது. கோயில் முழுக்க இருட்டு, ஆள் ஆளுக்குக் கையில் மெழுகுவர்த்தி. வாசகங்கள் முடிந்தன. சாமியார் வானவர் கீதத்தைத் தொடங்கிவைக்க, மணிகள் எல்லாம் சேர்ந்து அடித்தன. லைட்டைப் போட வேண்டிய நேரம். சுவிட்சைத் தட்டுகிறார்கள், எரியவில்லை. கரண்ட் எப்போதோ போயிருக்கிறது, இருட்டில் யாருக்கும் தெரியவில்லை.

அக்கா கீபோர்டில் கை வைத்தார். சத்தம் இல்லை. மறுபடி அமுக்கினார். இல்லை.

பாடகர் குழு முழுதும் அவரையே பார்க்கிறது. எடுத்துக்கொடுக்கச் சேவியர் அண்ணனும் இல்லை, அவர் வெளியே பெரிய மணிக் கயிற்றில் தொங்கிக்கொண்டிருக்கிறார்.

அக்கா கண்ணை மூடி "ஆ" என்று சுருதி கொடுத்தார். வாயால்.

அவர் பாடி நான் கேட்டதே இல்லை. தைராய்டு ஆபரேஷனுக்கு முன்னால் குழுவில் அவர்தான் முதல் குரல் என்று அம்மா சொல்வார். அதற்கப்புறம் பாட வாயைத் திறந்ததில்லை. அந்த "ஆ" நடுவில் உடைந்தது, காற்றாகப் போனது, திரும்ப வந்து சரியான இடத்தில் நின்றது. அதைப் பிடித்துக்கொண்டு எல்லாரும் பாடினார்கள். எனக்கு வீடியோ எடுப்பதே மறந்துபோனது. கேமரா ஸ்டாண்டில் இருந்தது, பிழைத்தேன்.

பூசை முடிந்ததும் போய்ச் சொன்னேன். படத்தில் இசையே இல்லை, கடைசியில் உங்கள் குரல் மட்டும் வைக்கப்போகிறேன் என்று.

"அந்த ஒடஞ்ச கொரலையா? வெட்டிப்புடு."

"உங்க தங்கச்சி கல்யாண வீடியோவுல உங்கப்பா அழுத சத்தம் எங்கன்னு அன்னிக்கு நீங்கதான்க்கா கேட்டீங்க. அதக் கேட்டுத்தான் நான் படம் எடுக்கவே வந்தேன்."

அக்கா மெழுகுவர்த்தியை ஊதி அணைத்துவிட்டுப் போய்விட்டார்.

காலையில் உட்கார்ந்து வைத்துவிட்டேன். அவள் கதவைத் திறக்கிறாள், அந்த "ஆ", படம் முடிகிறது. அம்மா பார்த்தார். "யாருப்பா இது? ரெஜினாவா?" என்று கேட்டுவிட்டு முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டார்.

மத்தியானம் கறிச்சோறு. சாப்பிட்டுவிட்டுக் கடைக்கு வந்ததும் போன் அடித்தது. அக்கா.

"வெட்டிட்டியா?"

"வெட்டலக்கா."

போனில் அவர் வீட்டில் யாரோ தட்டு கழுவும் சத்தம். நான் வாய்க்குள் எண்ணிக்கொண்டிருந்தேன்.

"டைட்டில்ல என்னான்னு போட்ருக்க?"

"இசை, ரெஜினா."

"நான் எங்கலே வாசிச்சேன்? குரல்னு போடு."

வைத்துவிட்டார்.

டைட்டிலை மாற்ற வேண்டும். மதுரை பஸ் நாலரைக்கு, அங்கிருந்து திருவனந்தபுரம். குடை இன்னும் கடையிலேயே கிடக்கிறது.