கம்பளி எங்கே?

பிப்ரவரி 9, திங்கள்

ஞாயிறு இணைப்புக்கு நான்கு பக்கம் வேண்டும் என்றார் ஆசிரியர். முதுகில் பையைச் சுமந்து நடப்பவர்கள், கடற்கரையில் கூடாரம் அடிப்பவர்கள், மணல்மேட்டில் ஜீப் ஓட்டுபவர்கள். அப்படி ஒரு குழுவுடன் மூன்று நாள். "உங்களுக்கும் ஒரு மாறுதலா இருக்கும் சார்." முப்பத்தொரு வருடமாக நீதிமன்றம், தீ, வெள்ளம், விபத்து. சந்தோஷமாக இருப்பவர்களைப் பற்றி நான் எழுதியதே இல்லை.

வீட்டில் இதை எழுதிக்கொண்டிருக்கும்போது மனைவி சாப்பிடக் கூப்பிட்டாள். "ஒரு வரி முடிச்சுட்டு வர்றேன்" என்றேன். "அந்த ஒரு வரி முடியறதுக்குள்ள எனக்குத் தலையே நரைச்சுப் போச்சு" என்றாள். எழுந்து போனபோது சாப்பாடு ஆறியிருந்தது. அவள் சாப்பிட்டு முடித்திருந்தாள்.

பிப்ரவரி 12, வியாழன்

என்னையும் சேர்த்து ஐந்து பேர், இரண்டு ஜீப். குழுவை நடத்துபவரை எல்லோரும் கேப்டன் என்கிறார்கள். ராணுவமெல்லாம் இல்லை, லாரி பட்டறை வைத்திருந்தவர். அவர் மனைவி எல்லோருக்கும் அக்கா. இரண்டாவது ஜீப் டீச்சருடையது. பள்ளியில் பூகோளம் நடத்துகிறார். ஐந்தாவது ஆள் ஒரு பல் டாக்டர். நாற்பத்து நான்கு வயது, வாய் ஓயாத மனிதர். "நாள் முழுக்க அடுத்தவன் வாயைத் திறக்க வெச்சுட்டு நான் மூடிட்டு இருக்கேன்ணே. லீவுலதான் என் வாய்க்கு வேலை."

பெண்கள் இருவரும் ஜீப்புகளை மணல்மேடு சுற்றிக் கொண்டுவந்தார்கள். நாங்கள் மூவரும் பையோடு கரையோரமாக எட்டு கிலோமீட்டர் நடந்தோம். என் பை பதினோரு கிலோ. ஐந்தாவது கிலோமீட்டரில் டாக்டர் எதுவும் சொல்லாமல் என் தண்ணீர் பாட்டில்களை எடுத்துத் தன் பையில் போட்டுக்கொண்டார்.

பிப்ரவரி 13, வெள்ளி

கேப்டனுக்கு விதிகள் உண்டு. வரிசையாகக் குறித்துக்கொண்டேன். மணலில் இறங்குமுன் டயர் காற்றைப் பாதியாக இறக்க வேண்டும். அலை ஏறும் எல்லைக்குச் சிவப்புத் துணி கட்டிய குச்சிகள்; அதைத் தாண்டி வண்டி போகக் கூடாது. புதைந்த வண்டியைக் கயிறு கட்டி இழுக்கும்போது எல்லோரும் இருபது அடி விலகி நிற்க வேண்டும். இழுக்குமுன், கயிற்றின் நடுவில் கனமான கம்பளியை நனைத்துப் போட வேண்டும்.

ஏன் கம்பளி?

"கயிறு ரப்பர் மாதிரி நீளும் சார். முனையில இரும்புக் கொக்கி. கொக்கி பிடுங்கிக்கிச்சுன்னா கவண் கல்லுதான். கம்பளி கிடந்தா அந்த வெயிட்டுல கயிறு தரையில விழுந்துடும்."

கம்பளி சாம்பல் நிறம், ஓரத்தில் கருப்புத் தையல். முன் சீட்டுக்குப் பின்னால் தொங்குகிறது. "இதை யாரும் போர்த்திக்கக் கூடாது" என்றார் கேப்டன். "நாத்தம் அடிக்கும்போதே தெரியுது, இது மனுஷனுக்கு இல்லைன்னு" என்றார் டாக்டர்.

பிப்ரவரி 14, சனி

—

பிப்ரவரி 15, ஞாயிறு

நேற்று எழுத முடியவில்லை. இன்று வரிசையாக எழுதுகிறேன். நடந்ததை வரிசையாக எழுதுவது ஒன்றுதான் எனக்குத் தெரிந்த வேலை.

சனி காலை கிளம்ப வேண்டும். ஆறரை மணிக்குக் கழிமுகத்தைக் கடக்கும்போது வழுக்கி இடுப்பளவு நனைந்தேன். காற்று கத்தியாக வெட்டியது. பல் தந்தியடித்தது. டாக்டர் ஜீப்பிலிருந்து அந்தக் கம்பளியை எடுத்துவந்து என் தோளில் போட்டார். "போர்த்திக்கக் கூடாதுன்னாரே" என்றேன். "உங்க பல்லு ஆடுற ஆட்டத்துல நாலு விழுந்துடும்ணே. அப்புறம் லீவுலயும் எனக்கு வேலை" என்றார்.

ஏழு மணிக்கு டீச்சரின் ஜீப் குச்சிகளுக்கு இந்தப் பக்கம்தான் வந்தது. எல்லை மீறவில்லை. ஆனால் இரவில் தண்ணீர் அடியில் ஊறி மணல் இளகியிருந்தது. பின் சக்கரம் அச்சு வரை இறங்கியது. அலை ஏறிக்கொண்டிருந்தது. கேப்டன் தன் வண்டியைத் திருப்பிக் கயிற்றைக் கட்டினார்.

நான் நாற்பது அடி தள்ளி ஒரு பாறைமேல் உட்கார்ந்து குறிப்பெடுத்துக்கொண்டிருந்தேன். கட்டுரைக்கு இதைவிட நல்ல காட்சி கிடைக்காது என்று நினைத்தேன். ஆமாம், அப்படித்தான் நினைத்தேன்.

கேப்டன் கத்தினார்: "கம்பளி எங்கே?"

என் காதில் விழுந்தது. நன்றாகவே விழுந்தது. என் கை அதை எழுதியது. குறிப்பு நோட்டில் இருக்கிறது: "7.11. கேப்டன்: கம்பளி எங்கே?" அதற்கடுத்த வரியையும் நானே எழுதினேன். கடலைப் பற்றிய வரி. பாதியில் விட்டால் போய்விடும் போலிருந்தது. முடித்துவிட்டு எழுந்திருக்கலாம் என்று—

அரை நிமிஷம் இருக்குமா? கூட இருக்கலாம்.

அலை டயரைத் தொட்டது. அக்கா, "சீக்கிரம், சீக்கிரம்" என்றார். டாக்டர், "அது அண்ணன்கிட்ட இருக்கு, நேரமில்லை. இந்தாங்க, இதைப் போடுறேன்" என்று தன் ஜாக்கெட்டைக் கழற்றிக் கயிற்றின்மேல் போட்டுவிட்டுப் பத்தடி விலகினார். கேப்டன் இழுத்தார். நான் நிமிர்ந்தபோது ஜாக்கெட் காகிதம் மாதிரி மேலே பறந்துகொண்டிருந்தது. டாக்டர் தரையில் உட்கார்ந்திருந்தார். பிறகு சாய்ந்தார். கொக்கி நெஞ்சில் அடித்திருந்தது.

போனில் சிக்னல் இல்லை. டீச்சர் மணல்மேட்டுக்கு ஓடினார். அதற்குள் முடிந்துவிட்டது. என் தோளிலிருந்த கம்பளியை அக்கா வாங்கி டாக்டர்மேல் போர்த்தினார்.

பிப்ரவரி 16, திங்கள்

செய்தியை நான்தான் எழுதிக் கொடுத்தேன். பன்னிரண்டு பத்தி. எல்லாம் உண்மை. ஒன்றே ஒன்று மட்டும் அதில் இல்லை.

பிப்ரவரி 17, செவ்வாய்

முதல் பக்கம். ஆசிரியர் தோளில் தட்டினார். "தொடக்கத்துல அந்தக் கடல் வரி... பிரமாதம் சார். அதெல்லாம் ஸ்பாட்ல இருந்தாத்தான் வரும்."

பேப்பரை மடித்து இழுப்பறையில் போட்டுப் பூட்டினேன்.

பிப்ரவரி 20, வெள்ளி

காவல் நிலையம். மேசையில் கம்பளி, பாலிதீன் பையில், முத்திரையோடு. இன்ஸ்பெக்டர் கேட்டார்: "கம்பளி அங்கேயே இருந்திருக்கு. ஏன் கயிறுமேல போடலை?" கேப்டன் தலைநிமிராமல், "மறந்துட்டேன்" என்றார். அஜாக்கிரதையால் மரணம் என்று வழக்கு.

பிறகு என் முறை. "நீங்க எதாச்சும் கவனிச்சீங்களா சார்?"

"குறிப்பா ஒண்ணும் இல்லை."

கையெழுத்துப் போட்டேன். முப்பத்தொரு வருடத்தில் எத்தனை சாட்சிகளை "மழுப்பினார்" என்று எழுதியிருப்பேன்.

வெளியே வந்து கேப்டனைப் பிடித்தேன். ஏன் அப்படிச் சொன்னீங்க? கூப்பிட்டீங்களே. அவர் ஜீப் சாவியைப் பார்த்துக்கொண்டே பேசினார். "கூப்பிட்டேன். வரலை. வரலைன்னா இழுக்கக் கூடாது. விதி என்னுது. இழுத்ததும் நான். உங்களைச் சொல்லி என்ன ஆகப்போகுது சார்?"

என்மேல்தான் கம்பளி இருந்தது என்று அவருக்கு முதலிலிருந்தே தெரியும்.

மார்ச் 2, திங்கள்

டாக்டர் வீட்டுக்குப் போனேன். கீழே சிகிச்சை அறை, மேலே வீடு. கதவில் இன்னும் "14 வரை விடுமுறை" என்று அட்டை. அவர் மனைவி கேட்டது ஒன்றுதான். "கடைசியா என்ன பேசினார்?" பல் விழுந்துடும் என்று சொன்ன கதையைச் சொன்னேன். சிரித்தார். சிரித்தபடியே முகத்தைத் திருப்பிக்கொண்டார். கம்பளி என்ற சொல்லைத் தவிர்த்து, "ஒரு துணி போர்த்திவிட்டார்" என்றேன்.

கோழை.

மார்ச் 3, செவ்வாய்

தூக்கமில்லை.

மார்ச் 19, வியாழன்

கேப்டனின் குழு நடத்தும் உரிமத்தை நிறுத்திவைத்திருக்கிறார்கள். போன் செய்தேன், அக்காதான் எடுத்தார். "பாதுகாப்பு ஏற்பாடே வெச்சுக்கலைன்னு வழக்குல எழுதியிருக்காங்களாம் தம்பி. அதைப் படிச்சதுலேருந்து மனுஷன் சாப்பிடறதில்ல. ஜெயிலுக்குப் போறதைக்கூடப் பெருசா நினைக்கலை. அந்த ஒரு வார்த்தைதான் அவரைத் தின்னுது."

என்னைவிட ஆறு வயது சின்னவர் அக்கா. ஆனாலும் தம்பி என்கிறார். அந்தத் "தம்பி" தாங்கவில்லை.

மார்ச் 20, வெள்ளி

மனைவியிடம் சொன்னேன், இந்த நோட்டைக் காட்டி. நிதானமாகப் படித்தாள். திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். "எனக்கு இது புதுசா தோணலை" என்றாள். "அன்னிக்கு என் அப்பாவுக்கு மூச்சு முட்டினப்பவும் நீங்க 'ஒரு வரி முடிச்சுட்டு வர்றேன்'னுதான் சொன்னீங்க." எனக்கு அது நினைவே இல்லை. அவளுக்கு இருந்திருக்கிறது, பதினெட்டு வருடமாக.

மார்ச் 23, திங்கள்

முதலில் டாக்டர் வீடு. வேறு யார் சொல்லியும் அவர் மனைவிக்குத் தெரியக் கூடாது. நின்றபடியே சொன்னேன். கம்பளி என்மேல் இருந்தது, கேப்டன் கேட்டார், என் காதில் விழுந்தது, நான் எழுதிக்கொண்டிருந்தேன்.

அவர் நாற்காலியில் உட்கார்ந்தார். பிறகு கேட்டார், "என்ன எழுதினீங்க?"

சொன்னேன். கடல் நீலமாக இல்லை. பலமுறை துவைத்து வெளுத்த சட்டையின் நிறத்தில், யார் உடம்பையோ தேடி வருவதுபோல் வந்துகொண்டிருந்தது.

"அது பேப்பர்ல வந்துச்சே" என்றார். "படிச்சேன். நல்லா எழுதியிருக்காரேன்னு நினைச்சேன்."

அப்புறம் எழுந்துபோய்க் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றார். நான் வெளியே வந்தேன்.

அங்கிருந்து காவல் நிலையம். குறிப்பு நோட்டை மேசையில் வைத்தேன். இன்ஸ்பெக்டர் 7.11-ஐ இரண்டு தடவை படித்தார். "கேட்டதை எழுதியிருக்கீங்க."

"ஆமாம்."

"எழுந்து போகலை."

"இல்லை."

அதையும் எழுதிக்கொண்டார். படிக்கச் சொன்னார். பிழையில்லை. கையெழுத்துப் போட்டேன்.

ஏப்ரல் 8, புதன்

ராஜினாமா. ஆசிரியர், "யாருமே உங்களைக் குற்றம் சொல்லலையே சார்" என்றார். மேசையைக் காலி செய்ய இருபது நிமிஷம். பழைய நோட்டுகள் மட்டும் மூன்று பெட்டி. எதையும் திறக்கவில்லை.

ஜூலை 11, சனி

டீச்சர் போன் செய்தார். வழக்கு நடக்கிறது, "பாதுகாப்பு ஏற்பாடு இல்லை" என்ற வரியை மட்டும் எடுத்துவிட்டார்கள். கேப்டனுக்கு உரிமம் திரும்பக் கிடைத்திருக்கிறது. ஆனால் கடற்கரைப் பக்கம் போவதில்லை, பழைய பட்டறையை மறுபடி திறந்துவிட்டார். புதிதாக மணலுக்குப் போகிறவர்கள் கம்பளி வாங்க அவரிடம்தான் வருகிறார்களாம். ஒவ்வொருவருக்கும் இரண்டு கொடுக்கிறாராம். ஒன்று கயிற்றுக்கு, ஒன்று குளிருக்கு.

டாக்டர் மனைவியிடமிருந்து ஒரு சேதியும் இல்லை. எதிர்பார்க்கவும் எனக்கு உரிமை இல்லை. இன்று மாலை காற்று அந்தக் காலையைப் போலவே அடிக்கிறது. ஜன்னலுக்கு வெளியே வானம்—

மனைவி கூப்பிடுகிறாள்.