ஒரு கிழமைக்குத் தண்ணீர் படக்கூடாது

கோபம் வந்தாலும் சிரித்துக்கொண்டே திட்டுகிற என் ஆசை மச்சானுக்கு,

நலமா என்று கேட்கத்தான் வாய் வருகிறது. கேட்டால் நீ என்ன சொல்வாய் என்று எனக்குத் தெரியும். "செத்தவன்கிட்ட சொகம் விசாரிக்கிற ஒரே ஆளு நீதான்டா" என்பாய். சரி, கேட்கவில்லை. உன் தங்கச்சி பார்வதி இருக்கிறாள். என் மகள், உன் மருமகள் கவிதா இருக்கிறாள். நானும் த்ரீவீலை ஓட்டிக்கொண்டு இருக்கிறேன். பாத்ரூமும் இருக்கிறது. அதைப் பற்றிச் சொல்லத்தான் இந்தக் கடிதம். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன் எழுதுகிறேன். பிழை இருந்தால் மேலே இருந்து திருத்திக்கொள், உனக்கென்ன, இப்போது நேரம் நிறைய இருக்கும்.

ஞாபகம் இருக்கிறதா, எல்லாம் எப்படி ஆரம்பித்தது என்று? மாத்தளையில் இருந்து கவிதாவைப் பெண் பார்க்க வருகிறார்கள் என்று செய்தி வந்ததும் பார்வதிக்கு முதலில் கண்ணில் பட்டது அந்தப் பாத்ரூம்தான். கண்டிப் பக்கம் அம்பிட்டியில் இந்த வீட்டைக் கட்டினவன் எந்தக் காலத்தில் ஒட்டினானோ, மண் நிறத்தில் டைல், ஒவ்வொன்றிலும் வாடிப்போன ஒரு பூ. "கை கழுவப் போறவங்க இதப் பாத்தாலே பொண்ணு வேணாம்னுட்டு ஓடிருவாங்க" என்றாள். உடைத்துப் புதுசு போட நம்மால் முடியாது. நீ சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னாய்: "தாய்மாமன் நான் இருக்கேன்ல. கழுத்துக்கு நக போட எனக்கு வக்கில்ல. டைலுக்கே அடிக்கிற பெயின்ட் வந்திருக்காம். நான் அடிச்சுத் தர்றேன். இதையே என் சீரா வச்சுக்கங்க."

"ஊர்ல மாமன்மாரு தட்டுல வச்சு சீரு கொண்டு வருவாங்க. நீ சுவத்துல பூசித் தர்றியா?" என்று கேட்டேன். "தட்டுல வச்சதத் திருடன் எடுத்துருவான், இத எவன் எடுப்பான்?" என்றாய். கல்யாணமே செய்துகொள்ளாமல் பல்லேகலத் தொழிற்சாலைக்கும் நம் பின் அறைக்கும் நடந்தே வயசாகிப் போன உனக்கு, கவிதாதான் பிள்ளை. எனக்குத் தெரியாதா?

பெயின்ட் வாங்க அக்குறணைக்கு என் த்ரீவீலில்தான் போனோம். கடைக்கார முஸ்லிம் நானா டின்னைத் தட்டிக்காட்டிச் சொன்னாரே: "நல்லாக் கழுவி, உப்புத்தாள் போட்டுத் தேச்சு, காய வெச்சுத்தான் அடிக்கோணும். அடிச்சு முடிச்சு ஒரு கெழமைக்கு, ஏழு நாளைக்கு, தண்ணி படப்படாது. பட்டா தோலு மாதிரி உரிஞ்சி வரும், பொறகு என்னத் தேடி வரப்படாது." அதில் இருந்து நீ அந்த ஒரு கிழமையை மந்திரம் மாதிரிச் சொல்லிக்கொண்டு திரிந்தாய். குளிப்பதற்கு எங்களை வெளிக் குழாயடிக்குத் துரத்தினாய். கண்டிக் குளிரில் விடியற்காலையில் வாளித் தண்ணீர்! நான் உன்னைத் திட்டின திட்டு அம்பிட்டி முழுக்கக் கேட்டிருக்கும்.

நீ வேலை செய்த அழகைப் பார்க்க நான் கதவோரம் கதிரை போட்டு உட்கார்ந்திருந்தேன். எண்ணெய்ப் பிசுக்குப் போக நீ ஒவ்வொரு டைலாகத் தேய்த்தாய், குழந்தைக்கு முகம் துடைக்கிற மாதிரி. முதல் பூச்சில் பூ லேசாகத் தெரிந்தது. இரண்டாவது பூச்சில் அத்தனை பூவும் மறைந்து, வெள்ளையில் கொஞ்சம் நீலம் கலந்த நிறம் வந்தது. "ஆஸ்பத்திரி மாதிரி இருக்கு மச்சான், ஊசி போட எத்தன மணிக்கு வரணும்?" என்றேன். ரோலரை என் மூக்குக்கு நேரே நீட்டினாய்.

கடைசியாக ஷவர் பக்கச் சுவர். நான் தேநீர் எடுக்கப் போய் வந்து பார்த்தால், ஈரச் சுவரில் ஒரு முழுக் கை. ஐந்து விரலும் பதிந்திருந்தன. "என்ன மச்சான், சுவத்த அறைஞ்சிட்டியா? அது என்ன பாவம் பண்ணுச்சு?" என்றேன். நீ சிரித்தாய். "லேசாத் தல சுத்துச்சு. பெயின்ட் வாசம். புடிச்சுக்கிட்டேன். நாளைக்குத் தொட்டு விட்டுர்றேன்" என்றாய்.

அந்த நாளை எங்கே மச்சான்?

காலையில் பார்வதி தேநீரோடு உன் அறைக்குப் போனாள். கோப்பை விழுந்த சத்தம்தான் முதலில் எனக்குக் கேட்டது. தூக்கத்திலேயே போய்விட்டாய் என்று டாக்டர் சொன்னார். இதயமாம். எனக்குச் சொல்லாமல் நீ ஒருநாளும் எங்கும் போனதில்லையே?

உன்னை முற்றத்தில் வைத்துத்தான் குளிப்பாட்டினோம். தண்ணீர் படக்கூடாது என்று கட்டளை போட்டவனே அதை மீறலாமா?

ஆனால் சுடலையில் இருந்து திரும்பி வந்தபோதுதான் வில்லங்கம். தலையில் தண்ணீர் ஊற்றாமல் யாரும் வீட்டுக்குள் வரமாட்டார்கள் அல்லவா? ஆண்கள் எல்லாரும் துண்டோடு நேராகப் பின்பக்கம், வெளியே திறக்கிற பாத்ரூம் கதவுக்கு வந்துவிட்டார்கள். முன்னால் நாவலப்பிட்டிப் பெரியப்பா. நான் கதவை மறித்து நின்றேன்.

"தள்ளுடா."

"உள்ள தண்ணி படக்கூடாது பெரியப்பா."

"குளிக்கிற எடத்துல தண்ணி படக்கூடாதா? இன்னைக்குமாடா ஒனக்கு நையாண்டி?"

பின்னால் நின்றவர்களில் ஒருவன், "விடுங்க, அவன் வாயே அப்படித்தான்" என்றான். இரண்டு பேர் சிரிப்பை அடக்கினார்கள். ஆயுசு முழுக்க எல்லாரையும் சிரிக்க வைத்தவன் நான். அன்றைக்கு ஒரே ஒரு உண்மையைச் சொன்னேன், ஒருத்தரும் நம்பவில்லை. பெரியப்பா கதவைத் தள்ளினார். தாழ்ப்பாள் கழன்றது. நான் வாசலில் இரண்டு கையையும் விரித்தேன்.

"மாமன் சீரு பெரியப்பா. கவிதாவுக்கு அவன் செஞ்சது. இன்னும் காயல."

பெரியப்பா என் தோளுக்கு மேலால் உள்ளே பார்த்தார். வெள்ளைச் சுவர். ஆணியில் பெயின்ட் பட்ட உன் சட்டை. தன் தோளில் கிடந்த துண்டை எடுத்து என் முகத்தைத் துடைத்துவிட்டார். பிறகு திரும்பி, "டேய், எல்லாரும் வெளியில வாங்கடா. இங்க யாரும் குளிக்கக்கூடாது" என்று போட்ட சத்தத்தில் நாய்கூட நகர்ந்தது.

ஒரு வெளிக் குழாய் அத்தனை பேருக்கு எப்படிப் போதும்? முன் வீட்டு மல்லிகா அக்கா கேட்டைத் திறந்து, தனக்குத் தெரிந்த தமிழில், "நம்ம வீட்டு பைப் இருக்குதானே, வாங்க, எல்லாம் வாங்க" என்று கூப்பிட்டார். மழை வேறு தூறியது. நம் சொந்தக்காரர்கள் எல்லாரும் சிங்கள வீட்டு முற்றத்தில் பல்லடிக்க வரிசையாக நின்று குளித்ததை நீ பார்த்திருக்க வேண்டும். விழுந்து விழுந்து சிரித்திருப்பாய். உன்னிடம் சொல்லத் திரும்பிப் பார்த்தேன்.

கிழமை முடிந்தும் பாத்ரூம் குழாயைத் திறக்க எங்களில் யாருக்கும் மனசு வரவில்லை. முப்பத்தோராம் நாள் காரியம் முடிந்து, மாத்தளை ஆட்கள் வருவதாகச் சொன்ன அன்று காலையில்தான் கவிதா துண்டோடு வந்து நின்றாள். "நான்தான் மொதல்ல குளிப்பேன். மாமா எனக்குத்தானே செஞ்சாரு" என்றாள்.

நானும் பார்வதியும் வெளியே நின்றோம். ஷவர் சத்தம் கேட்டது. "உரிஞ்சு வருதாடி?" என்று பார்வதி கேட்டாள். உள்ளே இருந்து, "இல்லம்மா. அப்படியே இருக்கு" என்றாள். அதன் பிறகும் தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது. அவள் அழுகிறாள் என்று தெரிந்தது. கதவைத் தட்டவில்லை.

பின்னேரம் வந்தார்கள். பையன் அமைதி. அவனுடைய அம்மா கை கழுவிவிட்டு வந்து என்னிடம் மெதுவாகக் கேட்டார்: "பாத்ரூம் புதுசா நல்லா இருக்குங்க. ஆனா சுவத்துல ஒரு கை இருக்கே, யாரோ காயறதுக்கு முன்னாடி தொட்டுட்டாங்களா?"

என் வாயில் எப்போதும் ஒரு பகிடி தயாராக இருக்கும். அன்றைக்கு வரவில்லை.

"அது பொண்ணோட தாய்மாமன்ங்க. இப்போ அவர் இல்ல. ஆனா விசேஷத்துக்கு வந்திருக்காரு."

அந்த அம்மா சேலையைச் சரிசெய்துகொண்டு, "அப்ப அவர்கிட்டயும் ஒரு வார்த்த கேக்கணும் இல்லையா?" என்றார். எழுந்து போய்ப் பாத்ரூம் வாசலில் நின்று, உன் கையைப் பார்த்துக் கேட்டார் மச்சான்: "ஒங்க மருமகள எங்க வீட்டுக்குத் தர்றீங்களா?"

நீ என்ன சொன்னாய்? எனக்குக் கேட்கவில்லை. பார்வதி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு, "சரின்னுட்டாரு" என்றாள்.

ஷவர் பக்கத்தில் நாளாக நாளாகப் பூச்சுத் தேயும் என்று நானா சொல்லியிருக்கிறார். தேயட்டும். உன் ரோலரைக் கழுவி எடுத்து வைத்திருக்கிறேன். திரும்ப அடிக்கும்போது நான்தான் அடிப்பேன், நீ சொன்ன மாதிரியே தேய்த்து, காய வைத்து. உன் விரல்களைச் சுற்றி மட்டும் சின்னப் பிரஷால் பூசுவேன். அந்தக் கை மேல் ஒரு சொட்டு விழவிடமாட்டேன். இது சத்தியம், நையாண்டி இல்லை. நீயாவது நம்பு.

இப்படிக்கு,
கதவோரம் இன்னும் கதிரை போட்டு உட்கார்ந்திருக்கும்
உன் தங்கச்சி புருஷன், உன் மச்சான்.